ஒளிந்த ஊருக்கு உப்பு எங்கிருந்து வந்தது?



கற்பனை உலகம் கட்டி எழுதுகிற கதைகள் நம் பிள்ளைகள் மத்தியில் பெருகி வருகின்றன. டிராகன், மந்திரவாதி, கோட்டை என்று வெள்ளைக்காரன் பட்டறையில் அடித்த சாமான்களை அப்படியே இறக்கிக்கொண்டிருந்தவர்கள் இப்போது சொந்த மண்ணையும் மலையையும் வைத்து உலகம் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். வரவேற்கிறோம். அந்தக் கதைகளில் ஒரு ஊர் திரும்பத் திரும்ப வருகிறது. மலைக்கு நடுவில், காட்டுக்கு உள்ளே, யாருக்கும் தெரியாத ஊர். அங்கே சாதி இல்லை. சண்டை இல்லை. ராஜாவும் இல்லை. பல நூறு வருஷமாக வெளியுலகம் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. அடிபட்டு விரட்டப்பட்ட ஒருவன் மயங்கி விழுகிறான், கண் விழித்தால் அந்த ஊரில் இருக்கிறான்.

இப்படி ஒரு ஊர் நடக்கக்கூடியதா? "கதைக்கு இன்னாத்துக்கு லாஜிக்கு?" என்று கேட்டு ஒதுங்கிவிடலாம். மேட்டுக்குடி எழுத்தாளனுக்கு அந்த ஊர் ஒரு ஜோடனை. அவன் எழுதிவிட்டுப் போகட்டும். சேரியில் பிறந்த பிள்ளை அதே ஊரை எழுதும்போது விவகாரம் வேறு. ஊரைவிட்டே ஓடிப்போய் எங்கயாவது நாலு பேர் கண்ணுல படாம நிம்மதியா கஞ்சி குடிக்கணும் என்று எத்தனை தாய்மார்கள் புலம்பிக் கேட்டிருக்கிறோம்! அந்தப் புலம்பல்தான் ஒளிந்த ஊராகக் கதையில் முளைக்கிறது. ஆகவே அது அரசியல். அரசியல் என்றால் சோதித்துப் பார்த்துத்தான் ஆகவேண்டும். அதற்கு நாம் அமேசான் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. ஒடுகத்தூர் வரைக்கும் போனால் போதும்.

ஒடுகத்தூர் கடைத்தெருவில் நின்று தலையைத் தூக்கினால் ஜவ்வாது மலை. கதைக்காரர்கள் தேடுகிற மாதிரியான ஊர்கள் அங்கேதான் மடிப்பு மடிப்பாகக் கிடக்கின்றன. அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று மூன்று மலை ஊராட்சிகள். அவற்றுக்குள் சிதறிய குக்கிராமங்கள். பெயர்களைக் கவனியுங்கள். மந்தை என்பது மாடு கூடுமிடம். கொல்லை என்பது புன்செய்க் காடு. கோட்டை, புரம், மங்கலம் என்று முடிகிற பெயர்கள் கீழே சமவெளியில் இருக்கின்றன; அவை யாரோ ஒரு ராஜா யாருக்கோ எழுதிக்கொடுத்த ஊர்கள். மந்தையும் கொல்லையும் யாரும் எழுதிக்கொடுக்காத ஊர்கள். மாடு மேய்த்தவரும் சாமை விதைத்தவரும் தாங்களே வைத்த பெயர்கள். இங்கே வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் மலையாளி. பட்டியல் பழங்குடியினர். பேசுவது தமிழ்.

இவர்கள் ஏன் மலையேறினார்கள்? அதற்கு அவர்களிடமே ஒரு கதை இருக்கிறது. வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, அங்கிருந்து எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய பெருந்தொகுப்புக்குப் போன கதை. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்களிடம் பெண் கேட்டார்களாம். வேளாளர்கள் ஏளனம் செய்து அனுப்பினார்களாம். ஆத்திரப்பட்ட வேடர்கள் ஏழு வேளாளப் பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மீட்டு வர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். நாய் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று எடுத்துக்கொண்டு காரியம் செய்துவிடுங்கள் என்று பெண்டாட்டிகளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ கரையேறினார்கள். நாய்கள் பாதியாற்றில் திரும்பிக் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தன. ஆண்கள் வேடர்களைக் கொன்றுவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், காரியமெல்லாம் முடிந்து பெண்டாட்டிகள் விதவைகள். செத்துப்போனவனைச் சாதி திரும்பச் சேர்த்துக்கொள்ளுமா? தள்ளிவைத்துவிட்டது. பிறகு வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போய் விவசாயம் செய்தார்கள். அவர்கள் வம்சமே மலையாளிகள்.

உண்மையா பொய்யா என்பது நமக்கு வேண்டியதில்லை. தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒரு சமூகம் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதே நமக்கு வேண்டும். ஒளிந்த ஊர் எப்படிப் பிறக்கிறது என்று இதைவிடச் சரியாக எந்தப் புனைகதையும் சொன்னதில்லை. உயிரோடு நிற்கிறவனைச் செத்தவன் என்று சாதி தீர்ப்பு எழுதுகிறது, அவன் மலையேறுகிறான். இதுவரை நம் கதை மாதிரியே இருக்கிறது. ஆனால் இதே கதைக்குள் இன்னும் சில பேர் இருக்கிறார்கள். தூக்கிப்போன அந்த ஏழு பெண்கள் என்ன ஆனார்கள்? கதை வாய் திறக்கவில்லை. கட்டிக்கொண்ட வேடர் பெண்கள் யார்? எந்த வேடர்களைக் கொன்றார்களோ அவர்களுடைய தங்கச்சியாகவோ மகளாகவோ இருந்திருக்கலாம். அதையும் கேட்க ஆளில்லை. தள்ளிவைத்த சாதியை மலைக்கு மேலே போயும் விடவில்லை, 'நாங்கள் ஆதியில் வேளாளர்' என்கிறது கதை. மலையேறும்போது மனுஷன் விதைச் சாமையை மட்டுமா மூட்டை கட்டுகிறான்? சாதி நினைப்பையும் சேர்த்துத்தான் கட்டுகிறான். ஒளிந்துகொண்ட ஊரில் சாதி தானாக உதிர்ந்துவிடும் என்று எழுதுகிற தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். உதிராது. உதறவேண்டும். உதறிய கதையை எழுதுங்கள், படிக்கிறோம்.

சரி, ஒளிவாவது முழுசாக இருந்ததா? இதே ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது செங்கம். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் அந்தச் செங்கத்து நன்னனைப் பாடியது. 583 அடி. பரிசில் தேடிப் போகிற கூத்தர் கூட்டத்துக்கு, போய்வந்தவன் ஒருவன் வழி சொல்வதுதான் பாட்டு. எந்தப் பக்கம் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே தினைப்புனம் காப்பவர்கள் கவண்கல் எறிவார்கள், எந்தக் குடியில் இரவு தங்கினால் சோறும் கறியும் கிடைக்கும் என்று விலாவாரியாகப் போகிறது. இரண்டாயிரம் வருஷத்துக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன்பே நம் மலைகளில் 'யாருக்கும் தெரியாத ஊர்' என்று ஒன்று இல்லை. பாணனுக்கும் கூத்தனுக்கும் தெரிந்த ஊராகத்தான் இருந்திருக்கிறது. ராஜாவின் கணக்குப்பிள்ளைக்குத்தான் அது தெரியாத ஊர். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் கதை எழுதுகிறவனுக்குப் பாதி வேலை முடிந்தது. ஒரு ஊர் யாருக்கு மறைவு, யாருக்குத் திறப்பு?

அமைதியும் அப்படித்தான். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் புத்தகமாகவே போட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்தில், தொறு கவர்ந்தபோது பட்டான், தொறு மீட்டபோது பட்டான் என்று கல் கல்லாக எழுதியிருக்கிறது. தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தை உள்ள இடத்துக்குக் கொள்ளைக்காரன் வராமல் இருப்பானா? வந்தான், இவர்களும் போனார்கள். அடிவாரம் நெடுக ரத்தம். மலை அமைதியின் இருப்பிடம் என்பது சமவெளியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தவன் கட்டிய கதை.

இப்போது உப்புக்கு வருவோம். கதை எழுதுகிறவர்கள் வாள் எங்கே அடித்தது என்று யோசிக்கிறார்கள், உப்பு எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை. ஜவ்வாதில் சாமை விளையும். புளி, தேன், கடுக்காய், நெல்லி, பலா எல்லாம் உண்டு. உப்பு விளையாது. இரும்பு வெட்டக் கொல்லுலை வேண்டும், துணிக்குத் தறி வேண்டும். ஆகவே எவ்வளவு உயரத்தில் ஒளிந்தாலும் மாதத்தில் சில நாள் யாராவது கீழே இறங்கித்தான் ஆகவேண்டும். இறங்குகிற இடம் ஒடுகத்தூர், ஆலங்காயம், போளூர், செங்கம் என்று மலையைச் சுற்றி இருக்கிற சந்தைகள். ஒடுகத்தூரில் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடுகிறது. சந்தைக்கு வந்தவன் ஒளிந்தவன் இல்லை. தராசைப் பிடித்திருக்கிறவன் கையில் அவன் இருக்கிறான். மரத்தில் பூ நிற்கும்போதே புளிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, காய் பழுத்ததும் தன் இஷ்டத்துக்கு விலை போடுகிற வியாபாரியை எந்த மலைக்காரருக்கும் அறிமுகப்படுத்தவேண்டியதில்லை. ஒளிந்த ஊரை முதலில் கண்டுபிடிப்பது ராஜாவின் படை என்று கதைகளில் எழுதுகிறார்கள். இல்லை தோழர்களே. வட்டிக்காரன்தான் முதலில் வருவான். படை அவன் பின்னால் வரும்.

அப்படித்தான் வந்தது. 1882ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் ஒரே கையெழுத்தில் மலைகளை ரிசர்வ் காடாக்கியது. அதுவரை ஒளிந்திருந்த ஊர் அன்றைக்கு முதல் அடைபட்ட ஊர். ஒளிவுக்கும் அடைப்புக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் பாதை இருக்காது. இரண்டையும் சுற்றிக் காடு. ஒன்றில் வாசலின் சாவி உள்ளே இருப்பவன் இடுப்பில். மற்றதில் பாரஸ்ட்டுக்காரன் இடுப்பில். இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வந்த சங்கதி இதுதான், மீதியெல்லாம் இதற்குச் சாட்சி.

2023 மே மாதம். ஒடுகத்தூருக்கு மேலே அல்லேரி மலையில் ஒரு குக்கிராமம். ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்துவிட்டது. ரோடு இல்லாததால் ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை, பிள்ளை போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடித்துத் திருப்பி அனுப்பியபோது ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றுகொண்டது. பெற்ற தாய் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் மலையேறி நடந்தாள். பத்திரிகைகளில் படம் வந்த பிறகு அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். ரோடு போடாததற்குச் சொன்ன காரணம், வனத்துறை நிலம், அனுமதி வேண்டும் என்பது. இதே ஜவ்வாது மலையில் காவலூரில் 1968 முதல் நட்சத்திரம் பார்க்கிற வானாய்வகம் இருக்கிறது. 1986இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்தார்கள். ஊர் வெளிச்சம் இல்லாத இருட்டு வானம் வேண்டும் என்றுதான் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். விஞ்ஞானத்தின் மேல் நமக்குப் பகை இல்லை. ஆனால் தொலைநோக்கிக்கு ரோடு போய்ச் சேர்ந்துவிட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மலையைவிட்டு இறங்கினால் வேறு கதை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை செம்மரம் வெட்டினார்கள் என்று 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அதில் பலர் ஜவ்வாது மலையும் அதன் சுற்றுவட்டாரமும் பெற்ற பிள்ளைகள். முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போன புரோக்கர் எங்கே, மரத்தை வாங்குகிற பெரிய முதலாளி எங்கே? அவன்கள்தான் இந்த நாட்டில் நிஜமாகவே ஒளிந்து அமைதியாக வாழ்கிறவர்கள்.

வாச்சாத்தியை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம், அதே மலையாளி மக்கள். 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஆடு கோழிகளைத் தின்றார்கள், குடிக்கிற கிணற்றைப் பாழாக்கினார்கள். 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023 செப்டம்பர் 29இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருஷம். வாச்சாத்திக்கு நீதி கிடைத்தது அது ஒளிந்திருந்ததால் இல்லை. அந்தப் பெண்கள் வெளியே வந்து, கோர்ட்டில் நின்று, ஆட்களைக் கைகாட்டி அடையாளம் சொன்னதால். மறைவிடம் அவர்களைக் காப்பாற்றவில்லை; மறைவாக இருந்ததனாலேயே அத்தனை பேர் அத்தனை தைரியமாகப் புகுந்தார்கள்.

உலகத்தில் வேறு எங்கும் இந்தக் கனவு பலிக்கவில்லையா என்று கேட்பீர்கள். பலித்த இடம் உண்டு. அதையும் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கவேண்டும். பிரேசிலில் கரும்புத் தோட்டத்து அடிமைகள் தப்பி ஓடி மலைக்காட்டில் கட்டிய பல்மாரெஸ், 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி நிலைத்து நின்றது. ஒரு ஊர் இல்லை, பல ஊர்கள் சேர்ந்த நாடு. ஆப்பிரிக்கர், பூர்வகுடிகள், ஏழை வெள்ளையர் சிலரும்கூட இருந்தார்கள். ஒளிந்து மட்டும் இருந்தார்களா? மரவேலி அடித்தார்கள், காவல் போட்டார்கள், படை வந்தபோதெல்லாம் சண்டை போட்டார்கள், பக்கத்து வெள்ளைக் குடியேறிகளோடு பண்டமாற்றும் செய்தார்கள். 1678இல் அதன் தலைவன் கங்கா சும்பாவுக்குப் போர்த்துகீசிய கவர்னர் சமாதானம் பேசினான். நிபந்தனை என்ன தெரியுமா? பல்மாரெஸில் பிறந்தவர்களுக்கு விடுதலை. பிற்பாடு ஓடிவந்து சேர்ந்தவர்களைத் திருப்பி ஒப்படைக்கவேண்டும். கங்கா சும்பா ஒப்புக்கொண்டான். சும்பி ஒப்புக்கொள்ளவில்லை. 1694இல் பல்மாரெஸ் வீழ்ந்தது, 1695 நவம்பர் 20 அன்று சும்பி கொல்லப்பட்டான். அந்த நாளைத்தான் பிரேசில் கறுப்பர் விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறது.

ஜமைக்காவில் மலையேறிய மரூன்கள் பிரிட்டிஷ் படையைத் திணறடித்து 1739இல் ஒப்பந்தமே போட வைத்தார்கள். நிலம் கிடைத்தது, சுயாட்சி கிடைத்தது. அந்த ஒப்பந்தத்திலும் அதே சரத்து இருக்கிறது: இனிமேல் தப்பி ஓடிவருகிற அடிமையைப் பிடித்துக் கொடுக்கவேண்டும். ஒளிந்த ஊரின் அமைதிக்கு விலை போட்டபோது, அடுத்து ஓடிவருகிறவன் முதுகில் அது எழுதப்பட்டது. இதைச் சொல்லி மரூன்களைக் குற்றம் சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. அவர்கள் துப்பாக்கிக்கு எதிரே நின்று கையெழுத்துப் போட்டவர்கள். ஆனால் கதை எழுதுகிறவன் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கக் கூடாது. உன் ஊரின் வாசலில் ராத்திரி ஒருவன் வந்து கதவைத் தட்டுகிறான், அவனைத் துரத்தி வருகிறவர்கள் இன்னும் அரை மணி நேரத்தில் வருவார்கள். திறப்பீர்களா? அவனால் ஊர் காட்டிக்கொடுக்கப்படும் என்று தெரிந்தும் திறப்பீர்களா? ஒளிந்த ஊருக்குள் நாடகம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மந்திரத் திரை போட்டு ஊரை மறைத்துவிட்டால் இந்தக் கேள்வியும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. எழுதுகிறவனுக்கு வசதிதான்.

வசதி என்றதும் ஷாங்ரிலா ஞாபகம் வருகிறது. ஜேம்ஸ் ஹில்டன் 1933இல் எழுதிய நாவலில் வருகிற குன்லுன் மலைப் பள்ளத்தாக்கு. ஒளிந்த ஊர் என்றதும் மேற்கத்தியர்கள் முதலில் சொல்கிற பெயர். அந்த மடத்தின் தலைமை லாமா யார் என்று பார்த்தால் ஐரோப்பியப் பாதிரி! உச்சியில் மடம், நூலகம், சங்கீதம், நீண்ட ஆயுள். கீழே பள்ளத்தாக்கில் பயிர் செய்து மேலே சோறு அனுப்புகிற ஜனங்கள். ஆசிரியர் அவர்களைச் சந்தோஷமானவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். வெளியிலிருந்து சாமான் கொண்டுவருகிற சுமைகூலிகளுக்குப் பள்ளத்தாக்கின் தங்கத்தில் கூலி, உள்ளே வர அனுமதி கிடையாது. அக்ரகாரம், குடியானத் தெரு, எல்லைக்கு வெளியே நம் ஆட்கள். இதைக் கண்டுபிடிக்கக் குன்லுன் மலைக்கா போகவேண்டும்?

வக்காண்டா தேவலை. 1966இல் அமெரிக்கச் சித்திரக்கதையில் பிறந்து, 2018இல் 'பிளாக் பாந்தர்' சினிமாவாக வந்த ஒளிந்த ஆப்பிரிக்க நாடு. கையில் உலோகம், கண்ணுக்குத் தெரியாத திரை, யாராலும் தொடமுடியாத செழிப்பு. நம் பிள்ளைகள் விசிலடித்துப் பார்த்தார்கள், தப்பில்லை. அந்தப் படத்தில் எடுபட்டது வில்லன் கேட்கிற கேள்வி. உலகம் பூரா நம் ஜனங்கள் சங்கிலியில் கிடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அவன் கேட்கிறான். பதில் சொல்லமுடியாமல் கடைசியில் ராஜா திரையை விலக்குகிறான். காசுக்குப் படம் எடுக்கிற ஹாலிவுட்காரனுக்கே அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சேரி ஒளிந்த ஊரா? ஊருக்குக் கிழக்கே, கண்ணுக்கு எதிரே, மைக் செட் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. அறுப்புக்கும் சாவுக்கும் ஆள் வேண்டும்போது ஊருக்குச் சேரி நன்றாகத் தெரியும். பாதை கேட்கும்போது தெரியாது. 2019 ஆகஸ்டில் அன்றைய வேலூர் மாவட்டம் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகிற வழியை நிலக்காரர்கள் அடைத்துவிட்டதால், விபத்தில் இறந்த நம் ஆள் ஒருவரின் பிணத்தைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். பாலத்திலிருந்து தொங்கிய அந்தப் பிணத்தையும், அல்லேரி மலையில் தாயின் கையில் போன அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று சமவெளி, ஒன்று மலை. ஒன்று பட்டியல் சாதி, ஒன்று பழங்குடி. நான்கு வருஷ இடைவெளி. இரண்டு இடத்திலும் செத்தவருக்குப் பாதை இல்லை. இரண்டு இடத்திலும் பாதையின் சாவி வேறு எவனிடமோ.

தனியாக ஓர் ஊர் வேண்டும் என்று நம் தலைவரே கேட்டார். ஆனால் ஒளிந்துகொள்ள ஓர் இடம் என்று பாபாசாகேப் கேட்கவில்லை. 1942 ஜூலையில் நாகபுரி மாநாடு தனிக் குடியேற்றங்களுக்குத் தீர்மானம் போட்டது. 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் அதையே சட்ட ஷரத்தாக்கிக் கேட்டார்: அரசின் தரிசு நிலத்தையும் விலைக்கு வாங்கிய நிலத்தையும் கொண்டு தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் கிராமங்கள், அதை நடத்த ஒரு குடியேற்ற ஆணையம். நிலம், கணக்கு, சட்டம், அரசாங்கக் கஜானா எல்லாம் இருக்கிறது அந்தக் கோரிக்கையில். மலை இல்லை, காடு இல்லை, மந்திரத் திரையும் இல்லை. ஊருக்குக் கட்டுப்பட்ட கூலியாக இருக்கிறவரைக்கும் தீண்டாமை போகாது, வயிற்றுக்கு ஊரை நம்பாத இடத்தில்தான் மனுஷன் நிமிர்வான் என்பது அவர் போட்ட கணக்கு. உப்புக் கேள்வியை எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டு, பதிலும் எழுதி வைத்தவர் அவர். நாம் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் மந்திரவாதிக் கதைக்குப் போய்விட்டோம்.

தனி ஊர் என்றால் தானாக அமைதி வந்துவிடுமா என்று கேட்பவர்களுக்குக் கொடியன்குளத்தைச் சொல்லவேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் நம் மக்கள் மட்டுமே பெரும்பாலும் வாழ்ந்த ஊர். வளைகுடா நாட்டுச் சம்பாத்தியத்தில் கல்வீடு, டிவி, பீரோ என்று நிமிர்ந்த ஊர். 1995 ஆகஸ்ட் 31 அன்று பட்டப்பகலில் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்து அந்தச் செழிப்பைக் குறிபார்த்து உடைத்தார்கள். டிராக்டரை, டிவியை, பாஸ்போர்ட்டை, படிப்புச் சர்டிபிகேட்டை. இங்கேயும் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று ஊர் சொன்னது. வாச்சாத்தியில் கிணறு, கொடியன்குளத்தில் கிணறு. தண்ணீரைக் கெடுப்பது ஏனென்றால், இனி நீ இங்கே தனியாக வாழமுடியாது என்று சொல்ல அதைவிடச் சுருக்கமான பாஷை கிடையாது.

ஆகவே 'நடக்கக்கூடியதா' என்ற கேள்விக்கு நம் பதில் இப்படி இருக்கிறது. ஒளிந்த ஊர் நடக்கும், ஒரு தலைமுறை இரண்டு தலைமுறை தாங்கும், விரட்டப்பட்டவனுக்கு அந்த அவகாசம் உயிர்ப்பிச்சை. அதைக் கேலி செய்கிறவன் விரட்டப்படாதவன். ஆனால் ஒளிவிலிருந்து அமைதி வராது. அமைதி இருந்த இடங்களிலெல்லாம் நிலமும் தண்ணீரும் வாசலும் உள்ளே இருப்பவர்கள் கையில் இருந்திருக்கின்றன. அது கைமாறிய அன்றைக்கு ஊர் ஒளிந்திருந்தாலும் ஒன்றுதான், ஹைவே ஓரத்தில் இருந்தாலும் ஒன்றுதான்.

கதை எழுதுகிற தோழர்களே, எழுதுங்கள். சந்தைக்கு இறங்கிப் போகிறவளை எழுதுங்கள். வாசலில் காவல் இருக்கிறவனுக்குச் சோறு யார் கொண்டுபோகிறார்கள், அவன் எந்தச் சாதியிலிருந்து ஓடிவந்தவன், அவனுக்கு ஊருக்குள் பெண் கொடுப்பார்களா என்று எழுதுங்கள். இந்த இதழில் இடம் உண்டு.

கதை எழுதாத தோழர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்றொரு பிரிவு. ரோடு, பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், குடிநீர் என்று 13 வகை வசதிக்குக் காட்டு நிலத்தை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபை பரிந்துரைத்தால் மாற்றித் தரலாம். வனத்துறை அனுமதி என்று கைவிரிக்கிற அதிகாரியிடம் அந்தப் பிரிவைக் காட்டுவதற்கு மலை ஊராட்சிகளின் கிராம சபைத் தீர்மானம் வேண்டும், அதை எழுதிக்கொடுக்கப் படித்த பிள்ளைகள் வேண்டும். கீழே, 1892இல் வெள்ளைக்கார அரசு நம் ஜனங்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் எந்த சர்வே எண்ணில் இருந்தது, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க, அந்தந்த ஊரின் 'ஏ' ரிஜிஸ்தரும் பழைய செட்டில்மென்ட் பதிவும் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அணைக்கட்டு தாலுகா ஆபீசில் மனு போடலாம். 1994இல் காரணையில் இந்த நிலத்தைக் கேட்டதற்குத்தான் நம் ஆட்கள் இரண்டு பேரைச் சுட்டார்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் கடிதம் போடுங்கள், மாதிரிப் படிவம் அனுப்புகிறோம். கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை கூடவேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒடுகத்தூரிலிருந்து மலைக்குப் போகிறவர்கள் முந்தின நாளே கிளம்பிவிடுங்கள்.

ஆசிரியர் குழு